கரண்ட் போகாத ஊரில் ஆன்டெனா நட்டது

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. கோடாலித் தைலம் எத்தனை பாட்டில் கொண்டுவரலாம் என்றுதான் கேட்டார்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். ஆன்டெனா நடப் போகிறேன் என்று நானாகவே சொன்னேன். அங்கே கேபிள் டிவி கிடையாதா என்று கேட்டார் வணிகவியல் துறைத் தலைவி. இத்தனை வருடம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்டவெளியில் எங்கிருந்தோ துகள்கள் பாய்ந்துவந்து நம் காற்றில் மோதுகின்றன. மோதின வேகத்தில் ஒன்று பத்தாகி, பத்து கோடியாகி, மழைபோலப் பூமியை நோக்கிக் கொட்டுகிறது. அந்த மழையில் இருக்கும் எலெக்ட்ரான்களைப் பூமியின் காந்தம் ஒரு பக்கம் இழுக்கும். அவற்றுக்கு எதிரான பாசிட்ரான்களை மறுபக்கம் இழுக்கும். இந்த இழுபறியில் ஒரு ரேடியோ துடிப்பு பிறக்கிறது. கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் அதன் ஆயுள். பாளையங்கோட்டையிலும் சிங்கப்பூரிலும் பூமியின் காந்தக் கோடுகள் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கின்றன. அதனால் நேர் மேலிருந்து விழும் மழை இங்கெல்லாம் நன்றாகவே குரல் கொடுக்கும். எங்களைப் போன்ற ஊர்க்காரர்களைக் கூட்டிச் சிங்கப்பூரில் பயிலரங்கு வைத்ததற்கு அதுதான் காரணம்.

வெறும் ஆன்டெனாவை நம்ப முடியாது. அது எதைக் கேட்டாலும் துள்ளும். அதனால் கூடவே மூன்று பிளாஸ்டிக் தகடுகள் வைப்போம். துகள் பாய்ந்தால் தகடு மின்னும். மூன்றும் ஒரே கணத்தில் மின்னினால், அவற்றோடு வயரால் இணைந்த ஒரு பெட்டி, இப்போது வந்ததைச் சேமித்து வை என்று கணினிக்கு உத்தரவு கொடுக்கும். அந்தக் கணத்தில் ஆன்டெனாவிலும் ஒரு துடிப்பு இருந்தால் அது வானத்துச் சரக்கு. பெட்டியைச் செய்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர் பேச்சிமுத்து. சின்னச் சின்ன ஆய்வுக் குழுக்களிடையே கைமாறிச் சுற்றும் ஒரு வரைபடத்தைப் பார்த்து அவரே பற்றவைத்தார்.

எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. ஊரே திட்டித் தீர்க்கும் அந்த நாளுக்காக நாங்கள் இருவரும் காத்துக் கிடப்போம். கிரைண்டர் ஓடாது, பம்புசெட் ஓடாது, டியூப்லைட் எரியாது. ரேடியோ இரைச்சல் துப்புரவாக அடங்கிவிடும். பெட்டியைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மொட்டை மாடியில் குடை பிடித்து உட்கார்ந்திருப்போம். மூன்று வருடத்தில் இப்படிப் பதினொரு துடிப்புகளைப் பிடித்தோம். பதினொன்றும் அச்சடித்தாற்போல் ஒரே வடிவம், தகடு மின்னியதிலிருந்து ஒரே தூரம். இவ்வளவு சுத்தமாக யார் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளூரக் கர்வம்.

பயிலரங்கை நடத்தியவர் பேராசிரியர் லிம். அவரிடம் முடிந்துபோன வேறொரு ஆராய்ச்சியில் மிஞ்சிய இருபது ரிசீவர்கள் இருந்தன. நாங்கள் தலைகீழாக நின்றாலும் வாங்க முடியாத சாமான். பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் பயன்படாது. நம்பத்தகுந்த துடிப்புகளைக் காட்டும் ஒரே குழுவுக்கு இருபதையும் கொடுப்பேன் என்று முன்பே எழுதியிருந்தார். கருவியைக் கொண்டுவந்து சிங்கப்பூரில் நட்டு ஓட்டிக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மேடையேறிப் பேச வேண்டும். போட்டியில் மிஞ்சியது இரண்டு குழுக்கள். ஒன்று நாங்கள். இன்னொன்று சுமத்ராவின் மேடான் நகரத்திலிருந்து வந்த ஹர்யோனோ. அவரிடம் ஆறு துடிப்புகள். என்னிடம் பதினொன்று. கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை பல்கலைக்கழக மொட்டை மாடியில் இடம் கொடுத்தார்கள். ஆன்டெனா என்ற சொல்லைக் கேட்டதும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்துவிட்டாள். எவ்வளவு சக்தியில் ஒலிபரப்புவீர்கள் என்று ஒரு கேள்வி. நான் ஒலிபரப்பவில்லை அம்மா, கேட்கத்தான் போகிறேன் என்றேன். சரி, பூஜ்யம் என்று போடுங்கள் என்றாள். போட்டேன். கணினி பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு எண் போட்டால் அடுத்த பக்கம் திறக்கிறது. திறந்ததும் ஒலிபரப்பு உரிமம் எங்கே என்கிறது. இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணும் நானும் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் கெஞ்சுகிற குரலில், "கொஞ்சமே கொஞ்சமாவது அனுப்ப முடியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஹர்யோனோ ஒரு மாதத்துக்கு முன்பே மின்னஞ்சலில் இதை முடித்துவிட்டாராம். மாடியின் நல்ல மூலை அவருக்கு. அமைதியாகத் தன் கம்பிகளை நட்டுவிட்டு டப்பாவைத் திறந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கரண்டி வேண்டுமா என்று கேட்டார். எனக்கு இருந்த எரிச்சலில் வேண்டாம் என்றேன். பசிதான்.

எனக்குக் கிடைத்தது லிப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்து இடம். மாணவர் ஒருவர் ஏறினால் என் திரையில் ஒரு புயல், இறங்கினால் இன்னொரு புயல். லிம்மிடம் போய், இந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று கேட்டேன். அவர் நல்ல நகைச்சுவை என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு யோசித்தார். கடைசியாக எப்போது போனது என்று அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்த இருவரைக் கேட்டார், அவர்களுக்கும் நினைவில்லை. இப்படியும் ஓர் ஊர் இருக்குமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் தங்கியிருந்தது ஈசூனில், அண்ணன் வீட்டில். அண்ணன் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா மதினி மட்டும்தான். என் புலம்பலைக் கேட்ட மதினி தன் மாதா கோயில் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு, கோயில் மண்டபத்து மொட்டை மாடியை ஐந்து நிமிடத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டார். லிம்மும் சம்மதித்தார். எங்கே நட்டாலும் சரி, பதிவு வந்தால் போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பிரித்து மூட்டை கட்டினேன். ஆளுயர அலுமினியக் கம்பிகள் நான்கு, தகடுகள் மூன்று, பெட்டி, பேட்டரி. பஸ் டிரைவர் கம்பியைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியையே ஏற்றுவார்கள், கண்டக்டர் கூடவே இரண்டு அதட்டல் போடுவார், அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் சீருடை போட்ட ஒருவர் வெகு மரியாதையாக அளவு நாடாவை எடுத்து அளந்தார். நீளம் கூடுதல் என்றார். எவ்வளவு கூடுதல் என்று கேட்டேன். அதையும் மரியாதையாக அளந்து சொன்னார்.

கடைசியில் ஒரு டாக்சி நின்றது. ஓட்டியவர் எழுபது வயதுச் சீனப் பெரியவர். கம்பிகளைப் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்குமாகக் குறுக்கே நுழைத்துவிட்டு, மீன் பிடிக்கவா என்று கேட்டார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை, ஆமாம் என்றேன். இதுவரை எத்தனை என்றார். பதினொன்று. எத்தனை நாளில்? மூன்று வருடத்தில். கண்ணாடி வழியாக என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "தப்பா நினைக்காதே, இடத்தை மாற்றிப் பார்" என்றார். இறங்கும்போது மீதிச் சில்லறையை என் கையில் அழுத்திக் கொடுத்த விதத்தில் ஒரு துக்கம் விசாரிக்கும் தொனி இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் இரைச்சல் வேட்டை. கையடக்க ரிசீவர் ஒன்றை வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கே கத்துகிறதோ அங்கே ஒரு குற்றவாளி. படிக்கட்டு எல்.இ.டி. விளக்கு கத்தியது. அறிவிப்புப் பலகை கத்தியது. பாடல் குழுவின் கீபோர்டு அடாப்டர் எல்லாவற்றையும் விடக் கத்தியது. பாட வந்த பெண்களிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தேன். அதில் ஒருவர், "இதெல்லாம் நைட்லதானே சிஸ்டர் பார்க்கணும்? பகல்ல ஸ்டார்ஸே தெரியாதே லா" என்றார், சிங்கப்பூர்க்காரர்களின் 'லா'வோடு. நட்சத்திரம் பார்க்கவில்லை, இது இரவும் பகலும் விழும், இப்போதுகூட உங்கள் தலையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்றேன். அவர் சட்டென்று தலையில் கைவைத்துப் பார்த்துவிட்டு வெயிலிலிருந்து தள்ளி நின்றுகொண்டார்.

சாயங்காலம் மதினி, எப்பப் பார்த்தாலும் சிடுசிடுன்னு இருக்கே, வா என்று சிராங்கூன் ரோட்டுக்கு இழுத்துப் போனார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சாலைக்குக் குறுக்கே வளைவு வளைவாக மயிலும் யானையும் தாமரையும் மின்விளக்கில். கூட்டம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறது. என் பைக்குள் ரிசீவரை அணைக்க மறந்திருந்தேன். முதல் மயிலுக்கு அடியில் போனதும் அது வீறிட்டது பாருங்கள், எதிரே வந்த தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள். மதினிக்கு அழகாகத் தெரிந்த ஒவ்வொரு பூவும் எனக்கு ஓர் எதிரி. பரோட்டாவுக்கு உட்கார்ந்தோம். அதைப் பிராட்டா என்கிறார்கள், பக்கத்து மேசையில் ஒருவர் சர்க்கரை தொட்டுத் தின்றார். சால்னாவில் முக்கி எடுத்த பரோட்டாவைத் தின்று வளர்ந்தவள் நான். அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்ததும் மதினி ஒருவரை அழைத்துவந்தார். ஆரோக்கியம், நாற்பதை ஒட்டிய வயது, சிவகங்கைப் பக்கம். துவாஸ் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியன், அங்கேயே தொழிலாளர் விடுதியில் வாசம். வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில் மூன்று வண்டி மாறிக் கோயிலுக்கு வந்து, மைக் செட்டையும் பார்த்துக்கொடுக்கிறவர். அவரை இன்றைக்கு எனக்காக நிறுத்திவைப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. "இருக்கட்டும்க்கா, ரூமுக்குப் போனாலும் தூங்கத்தான் போறேன்" என்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. எதையும் இரண்டு தடவை தொடுவதில்லை. மதியத்துக்குள் ஆன்டெனா நிமிர்ந்துவிட்டது, தகடுகள் முக்கோணமாக உட்கார்ந்துவிட்டன, பெட்டியிலிருந்து வயர்கள் பிசிறில்லாமல் ஓடின. கீழே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மதினி வாசலில் காவல். நான்கு நாளில் முதல் தடவையாக நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். இங்கேயே ஒன்று விழுந்துவிட்டால் போதும், ஹர்யோனோவின் ஆறு எங்கே, என் பன்னிரண்டு எங்கே.

மூன்றரை மணிக்கு மழை வந்தது. எங்கள் ஊரில் மழை என்றால் இருட்டும், காற்றடிக்கும், கொடியில் துணி எடுக்க நேரம் கொடுக்கும். இங்கே குழாயைத் திறந்ததுபோல் கொட்டிவிட்டது. நான் பெட்டியோடு இணைத்த வயர்கள் பின்னால் இழுபட, கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டு அறைக்குள் ஓடினேன். ஆரோக்கியம் வெளியே நனைந்துகொண்டே தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். கணினியைப் படியில் வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், திரையில் துடிப்பு.

அதே வடிவம். அதே உயரம். அதே இடம். என் பதினொன்றோடு வைத்தால் எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது. வந்துட்டு, ஆரோக்கியம், வந்துட்டு என்று கத்தினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஈரப் படிக்கட்டில் குதித்தேன். யார் வந்தது என்று மதினி கீழேயிருந்து கேட்டார்.

ஆரோக்கியம் சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார். அவர் கையில் மூன்று வயர் முனைகள் இருந்தன. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது எப்படிக்கா வரும்? மூணு வயரையும் நான் கழட்டில்ல வச்சிருக்கேன்."

தகடுகள் நனையாமல் இருக்க வயரை உருவி, தகடுகளை ஏற்கெனவே தார்ப்பாய்க்கு அடியில் தள்ளியிருந்தார். பிறகு பெட்டியைத் துண்டால் துடைத்திருக்கிறார். பெட்டியின் பக்கவாட்டில் பேச்சிமுத்து வைத்த சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு; அழுத்தினால் மூன்று தகடும் மின்னியதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அதில் கை பட்டிருக்கிறது.

இன்னொரு தடவை அழுத்துங்கள் என்றேன். அழுத்தினார். வந்தது. இன்னொரு தடவை. வந்தது. பத்துத் தடவை அழுத்தச் சொன்னேன்; பத்தும் வந்தது. தகடும் இல்லை, துகளும் இல்லை, வானத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. பெட்டி கணினிக்கு உத்தரவு கொடுக்கிற அந்தக் கணத்தில் தானே ஒரு துடிப்பை வெளியே விடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆன்டெனா அதைக் கேட்கிறது. நான் அதை வானம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சோதிக்காமல் இருந்தோமா என்றால், சோதித்தோம். கணினியிலிருந்து நாங்களாகச் சேமிக்கச் சொல்லிப் பார்த்தோம். ஆன்டெனா சும்மா இருந்தது. ஆகா, சுத்தம் என்று எழுந்து டீ குடிக்கப் போனோம். பெட்டி வழியாக ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை. பொத்தான் மூன்று வருடமாக அங்கேயேதான் இருந்தது. வானத்துத் துகள் மழை ஒரு நாள் தெற்கிலிருந்து சாய்ந்து வரும், ஒரு நாள் மேற்கிலிருந்து வரும். துடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே விழத்தான் வேண்டும். பதினொன்றும் ஒரே இடத்தில் விழுந்தபோது சந்தேகப்படுவதை விட்டுவிட்டுக் கர்வப்பட்டேன். மின்தடை நாளில் ஊரே அடங்கிக் கிடந்தது. அடங்காதது எங்கள் பெட்டி ஒன்றுதான்.

ஆரோக்கியம் தலையைத் துவட்டிக்கொண்டே, கப்பலில் அவர்கள் வேலை முடித்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னார். ஒன்றுமே இல்லாத இடத்தில் மீட்டர் எதையாவது காட்டினால் முதலில் மீட்டரைத்தான் தூக்கிப் போடுவார்களாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வயர்களைச் சுருட்டினேன்.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நான் கொண்டுவந்தது இரண்டாவது பெட்டி. பதினொன்றையும் பிடித்தது ஊரில் இருக்கும் முதல் பெட்டி. அது ஒழுங்கான பெட்டியாக இருக்கலாமே. பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். கொழுந்தியாள் வீட்டு விசேஷத்தில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்ட இலையிலிருந்து எழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மாடியில் அங்குள்ள ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பெட்டியைப் பழையபடி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

மதினி முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தார்; நானும் போனால் என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஆரோக்கியம் சிராங்கூன் ரோட்டுத் தேக்காவில் நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் கூடப் போனேன். ஞாயிறு சாயங்காலம் அங்கே நடக்க இடமில்லை. புல்வெளி, பாலத்து ஓரம், கடை வாசல் எங்கும் ஆண்கள். நம் ஊர் ஆண்கள். பாதிப் பேர் போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "அவளை அழ வேணாம்னு சொல்லு, போனை அவகிட்ட குடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஆரோக்கியம் எனக்கும் சேர்த்துப் பிரியாணி சொன்னார். நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். அந்த நண்பர் கடைசிவரை வரவில்லை. அப்படி ஒருவர் இருந்தாரா என்பதும் எனக்குச் சந்தேகம்.

போன் அடித்தது. பேச்சிமுத்து மாடி ஏறிய மூச்சிரைப்போடு பேசினார்.

"வந்துட்டு, மேடம்."

மூன்று வருடத்தில் பதினொரு தடவை இதே இரண்டு சொல்லை அவர் கூவியிருக்கிறார். எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று கேட்டேன். இருபது என்றார். இருபதும் வந்ததாம்.

"பெட்டி நான் செஞ்சது. நாளைக்கு மேடையில என் பேரைச் சொல்லிருங்க மேடம். ஒங்க பேரு கெட வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்தில், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பொத்தானை அழுத்திப் பாருங்கள் என்று மூன்று வருடத்தில் ஒரு நாள் சொல்லாத தலைவி யார், நானா நீங்களா என்று கேட்டேன். வைத்துவிட்டு அழுதேன். மறைக்கவில்லை, ஆயிரம் பேர் நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள். ஆரோக்கியம் தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்றார், மெதுவாக.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்கு இனித்தது. பேச்சிமுத்து வாய் திறக்க மாட்டார். ஆரோக்கியம் நாளைக்கு ஏதோ ஒரு கப்பலின் அடிவயிற்றில் இருப்பார். பதினொரு படத்தைக் காட்டினால் இருபது ரிசீவர். அவற்றை வைத்துக்கொண்டு பிறகு நிஜமாகவே பிடித்துவிடலாம். ஈசூன் வரும்வரை ரயிலில் இதைத்தான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். மதினி எடுத்துவைத்த இட்லியைத் தின்றேன். பிறகு கணினியைத் திறந்து, பேச்சுக்கான படங்களில் முதல் படத்துக்கு முன்னால் பன்னிரண்டாவதைச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளைக்கு முன்னால் என் பேச்சு, பின்னால் ஹர்யோனோவுடையது. பன்னிரண்டாவது படத்தைப் போட்டேன். இதுதான் எங்களிடம் உள்ளதிலேயே சுத்தமான பதிவு, நேற்று மழையில், தகடுகளின் வயரைக் கழற்றிவைத்திருந்தபோது எடுத்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டியின் வரைபடத்தைக் காட்டினேன், எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டினேன். லிம் எழுந்து, அப்படியானால் உங்களிடம் இப்போது எத்தனை துடிப்புகள் என்று கேட்டார். கேட்டுத்தானே ஆக வேண்டும். ஒன்றுமில்லை என்றேன்.

வெளியே லிம் என்னோடு வந்து நின்றார். நல்ல மனிதர். நீங்கள் சொன்னது அவசியமான விஷயம் என்றார். ரிசீவர்கள் ஹர்யோனோவின் குழுவுக்குத்தான் போகும், பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். காப்பி கொடுத்தார்கள். அதில் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றியிருந்தார்கள். அதையும் குடித்தேன்.

ஹர்யோனோவை அங்கே காணவில்லை. வராந்தாக் கோடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்ன மொழி என்று தெரியவில்லை. இடது கைக் கட்டைவிரல் மட்டும் காற்றில் எதையோ அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தது. அவர்களும் அதே வரைபடத்தைப் பார்த்துத்தான் பெட்டி செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் காதில் போனை வைத்தபடி நெடுநேரம் காத்து நின்றார். பிறகு ஒரு சொல் கேட்டார், பதிலைக் கேட்டார், போனைச் சட்டைப்பையில் போட்டார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நாலு நாளாக அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கடுப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஆறு துடிப்புமா?" என்று கேட்டேன்.

"ஆறும்."

மணி அடித்துவிட்டார்கள். ஆட்கள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அடுத்துப் பேச வேண்டியவர் அவர்தான். அவர் ஊரில் பொத்தானை அழுத்தியவரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து. அதை மேடையில் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல நான் யார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பன்னிரண்டாவது படத்தைக் கொடுப்பீர்களா? என்னுடைய ஆறையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்" என்றார்.

பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன்.